சினை நாய்க்கு எப்போது, என்ன, எவ்வளவு? இணை சேர்ந்த நாள் முதல் குட்டிகள் பால் மறக்கும் வரை

நாய் சினையாக இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் கை தாராளமாகிவிடும். தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி, மேலே ஒரு முட்டை, யாரோ சொன்னார்கள் என்று ஒரு கால்சியம் டானிக். எல்லாம் ஆசையில் செய்வதுதான். ஆனால் முதல் மாதத்தில் காட்டும் அந்தத் தாராளம் தாயைக் கொழுக்க வைக்கும். கொழுத்த நாய்க்குப் பிரசவம் சிக்கலாகும். அதே வீட்டில், குட்டிகள் பிறந்த பிறகு, தாய் உண்மையிலேயே இரண்டு மூன்று மடங்கு சாப்பிட வேண்டிய நேரத்தில் பழைய அளவே தட்டில் விழும். அப்போது எல்லோர் கண்ணும் குட்டிகள் மேல் இருக்கும்.

எனவே இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப வரப்போகும் கேள்வி "எவ்வளவு" என்பதைவிட "எப்போது" என்பதுதான். படிகளை நாள் வரிசையில் வைத்திருக்கிறேன். உங்கள் நாய் இப்போது எந்த வாரத்தில் இருக்கிறதோ, அந்த இடத்திலிருந்தும் படிக்கத் தொடங்கலாம்.

படி 1: நாளைக் குறித்து வையுங்கள்

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாட்கள், அதாவது 9 வாரம். இது கருமுட்டை வெளிவரும் நாளிலிருந்து எண்ணும் கணக்கு. ஆண் நாயின் விந்தணு பெட்டையின் உடலுக்குள் பல நாட்கள் உயிரோடு இருக்கும். அதனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் குட்டி போடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை இணை சேர்ந்திருந்தால் எல்லாத் தேதிகளையும் எழுதி வையுங்கள். பின்னால் மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான்.

இணை சேர்ந்த நாளன்று நாயை எடை போடுவதும் முக்கியம். அந்த எண் இல்லாமல் பின்னால் எந்தக் கணக்கும் பிடிபடாது.

படி 2: சினைதானா என்று உறுதி செய்யுங்கள்

மனிதர்களுக்கான கர்ப்பப் பரிசோதனைப் பட்டை நாய்க்கு உதவாது. அது தேடும் ஹார்மோன் நாயின் உடலில் சுரப்பதே இல்லை. வயிற்றையும் காம்பையும் பார்த்து முடிவு செய்வதும் சரிவராது. பெட்டை நாய்க்குச் சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பருவம் முடிந்த பின் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மாதம் உயர்ந்தே இருக்கும். அது குறையும்போது சில நாய்களுக்குப் பொய்ச் சினை வரும்: மடி பெருக்கும், பால் சுரக்கும், பொம்மையைக் குட்டி போல அணைத்துக் காவல் காக்கும்.

நம்பகமான வழிகள் மூன்று. 25 முதல் 30 நாளுக்குள் அல்ட்ராசவுண்ட் எடுத்தால் குட்டிகளின் இதயத் துடிப்பைப் பார்க்கலாம். ஏறக்குறைய 30ஆம் நாளிலிருந்து ரிலாக்சின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் பரிசோதிக்கலாம். 55ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளின் எலும்புகள் தெளிவாகத் தெரியும், எண்ணிவிடலாம். இந்த மூன்றாவதைத் தவறவிடாதீர்கள் என்பேன். வயிற்றில் ஆறு குட்டி என்று தெரிந்தால்தான், ஐந்தாவது பிறந்ததும் தாய் ஓய்வெடுக்கும்போது அது முடிந்த அமைதியா, சிக்கிக்கொண்ட அமைதியா என்று உங்களால் சொல்ல முடியும்.

வயிற்றை நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டாம். அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

படி 3: முதல் ஐந்து வாரம், அளவைக் கூட்டாதீர்கள்

குட்டிகள் வயிற்றுக்குள் வளரும் எடையில் பெரும்பகுதி கடைசி மூன்று வாரத்தில்தான் ஏறுகிறது. 35ஆம் நாள் வரை அவை மிகச் சிறியவை. தாய்க்கு அதுவரை வழக்கமான அளவு போதும், தரம் மட்டும் நன்றாக இருக்கட்டும்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் சில நாய்கள் சாப்பாட்டில் நாட்டம் குறைந்து நிற்கும். ஒன்றிரண்டு முறை வாந்தியும் எடுக்கலாம். இது சில நாளில் தானே சரியாகும். அப்போது பதறி, விதவிதமாகச் சமைத்து ஊட்டிப் பழக்காதீர்கள். வழக்கமான உணவையே சிறு சிறு பங்காகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் எதையுமே தொடாவிட்டாலோ, சோர்ந்து படுத்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய ஒரே உணவு மாற்றம், நான்காவது வாரம் போல, குட்டி நாய்களுக்கான முழுமையான உணவுக்கு மெல்ல மாறத் தொடங்குவது. பொட்டலத்தில் "வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும்" உகந்தது என்ற பொருளில் குறிப்பிட்டிருக்க வேண்டும். அதில் ஈரப்பதம் நீக்கிய கணக்கில் குறைந்தது 22.5% புரதமும் 8.5% கொழுப்பும் இருக்கும். பழைய உணவில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைக் கலந்து, ஒரு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். மிகப் பெரிய இன நாய் என்றால் எந்த வகைக் குட்டி உணவு ஏற்றது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ஆறாவது வாரத்திலிருந்து ஏற்றுங்கள்

இப்போதுதான் கூட்டும் நேரம். வாரத்துக்கு ஏறக்குறைய 10% வீதம் ஏற்றி, பிரசவ நேரத்தில் வழக்கத்தைவிட 25 முதல் 50% கூடுதலாக இருக்கும்படி கொண்டுபோக வேண்டும். ஒரு நாளைக்கு 300 கிராம் சாப்பிடும் நாய் என்று வையுங்கள். ஆறாவது வாரம் 330, ஏழாவது வாரம் 360, எட்டாவது வாரம் 390, ஒன்பதாவது வாரம் 420 கிராம் என்று போகலாம். குட்டிகள் அதிகம் இருந்தால் இன்னும் சற்றுக் கூடும்.

அளவு ஏறும் அதே நேரத்தில் இரைப்பைக்கு இடம் குறைகிறது. நிறைந்த கருப்பை அதை நெருக்குகிறது. எனவே ஒரு நாள் உணவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். கடைசி வாரத்தில் ஐந்து வேளைகூட ஆகலாம். தண்ணீர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும். அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது தவறு.

சரியாகப் போகிறதா என்பதை எடை சொல்லும். பிரசவத்துக்கு முன் நாய் தன் பழைய எடையைவிட 15 முதல் 25% கூடியிருக்க வேண்டும். 20 கிலோ நாய் 23 முதல் 25 கிலோ. விரலால் தடவினால் விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. வாரம் ஒரு முறை எடை பாருங்கள்.

வீட்டில் சமைத்தே போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகவைத்த இறைச்சி, முட்டை, தானியம் எல்லாம் நல்லவைதான். ஆனால் வெறும் இறைச்சியும் சோறும் சினை நாய்க்கு முழு உணவாகாது. இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. இரண்டும் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரையிலான விகிதத்தில், கால்சியம் பக்கம் குறையாமல் இருக்க வேண்டும். இதைக் கண்ணளவில் செய்ய முடியாது. கால்நடை மருத்துவரிடம் உங்கள் நாயின் எடையைச் சொல்லி, எழுதிய அளவோடு ஒரு உணவுத் திட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். தானியத்தை முழுதாக நிறுத்தவும் வேண்டாம். கடைசி வாரங்களில் மாவுச்சத்து அறவே இல்லாமல் போனால் தாயின் ரத்தச் சர்க்கரை இறங்கும் ஆபத்து உண்டு.

கால்சியம் டானிக்கை ஏன் தள்ளி வைக்க வேண்டும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நல்லெண்ணத்தால் வரும் கேடுகளில் இதுவே மிகப் பெரியது. "குட்டிகளுக்கு எலும்பு வளர வேண்டாமா, பால் சுரக்க வேண்டாமா" என்று கேட்டுச் சினைக்காலத்திலேயே கால்சியம் ஊற்றுகிறார்கள்.

ரத்தத்தில் கால்சியம் குறையும்போதெல்லாம் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி ஒரு ஹார்மோனை விடுகிறது. அது எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்கும். குடலிலிருந்து கூடுதலாக உறிஞ்சவும் வழி செய்யும். சினைக்காலம் முழுக்க வெளியிலிருந்து கால்சியம் கொட்டினால் அந்தச் சுரப்பிக்கு வேலை இல்லாமல் போய் மந்தமாகிவிடும். பிறகு பால் வெள்ளமாகச் சுரக்கத் தொடங்கி, தினமும் பெருமளவு கால்சியம் பாலோடு போகும்போது, அது உடனே எழுந்து வேலை செய்யாது. ரத்தத்தில் கால்சியம் சரிந்து, தாய்க்குப் பால் காய்ச்சல் எனப்படும் எக்லாம்ப்சியா வரும். எதைத் தடுக்க டானிக் கொடுத்தோமோ, அதையே அது வரவழைக்கிறது.

முழுமையான குட்டி உணவு சாப்பிடும் நாய்க்கு வேண்டிய கால்சியம் அதிலேயே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். வீட்டுச் சமையல் சாப்பிடும் நாய்க்கு மருத்துவர் கணக்கிட்டுச் சொன்ன அளவு மட்டும்.

ஈரலும் அப்படித்தான். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். எப்போதோ ஒரு துண்டு பரவாயில்லை. தினமும் ஈரல் போட்டால் குட்டிகள் அண்ணப் பிளவு போன்ற குறைகளோடு பிறக்கலாம்.

படி 5: தட்டுக்கும் வாய்க்கும் போகக் கூடாதவை

பச்சை இறைச்சி, பச்சை முட்டை, காய்ச்சாத பால் வேண்டாம். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தாயைப் படுக்க வைக்கும், கருவும் கலையலாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மதுபானம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) சேர்த்த இனிப்புகள் எந்த நாய்க்கும் நஞ்சு. சமைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும்.

மருந்து விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். மனிதர்களுக்கான காய்ச்சல், வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகள் குட்டிகளின் எலும்பையும் பல்லையும் பாதிக்கும். ஸ்டீராய்டு கருவைக் கலைக்கலாம். உண்ணி மருந்து, பழைய மருந்துச் சீட்டில் மீந்த மாத்திரை என்று எதுவானாலும், சினை என்று சொல்லிக் கேட்ட பிறகே கொடுங்கள்.

படி 6: புழு, தடுப்பூசி, தொற்று

உருண்டைப் புழுவின் இளம்புழுக்கள் தாயின் தசைகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். சினையின் ஆறாவது வாரத்தில் அவை விழித்து, நஞ்சுக்கொடி வழியே குட்டிகளுக்குள் போகின்றன. அதாவது பல குட்டிகள் பிறக்கும்போதே புழுவோடு பிறக்கின்றன. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியே போகும். சிறு குட்டிகளின் ரத்தத்தை உறிஞ்சிக் கொன்றுவிடும். 40ஆம் நாளிலிருந்து கொடுக்கும் ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்து இதைப் பெருமளவு தடுக்கும். அளவையும் நாட்களையும் மருத்துவர் சொல்லட்டும்.

தடுப்பூசிகளை இணை சேர்ப்பதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த தடுப்பூசிகளைச் சினைக்காலத்தில் தவிர்ப்பார்கள். இணைக்கு முன்பே ஆண், பெண் இரண்டுக்கும் புரூசெல்லா கேனிஸ் என்ற கிருமிக்கான பரிசோதனையும் செய்திருந்தால் நல்லது. அந்தக் கிருமி 45 நாளுக்கு மேல் கருவைக் கலைக்கும், மனிதருக்கும் தொற்றும். கலைந்த கருவை எடுக்க நேர்ந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பிரசவத்துக்கு முந்திய மூன்று வாரமும் பிந்திய மூன்று வாரமும் வெளி நாய்களோடு பழக விடாதீர்கள். நாய்களுக்கான ஹெர்பிஸ் வைரஸ் வளர்ந்த நாய்க்குச் சளி அளவில் போய்விடும். பிறந்து மூன்று வாரம் ஆகாத குட்டிகளை ஒட்டுமொத்தமாக அள்ளிக்கொண்டு போகும்.

நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டாம். தசை வலுவாக இருந்தால்தான் முக்க முடியும். கடைசி மூன்று வாரத்தில் நீண்ட நடையைக் குறைத்து, சிறு நடையாகப் பல முறை கூட்டிப் போங்கள். தாவிக் குதிப்பது, மற்ற நாய்களோடு முட்டி விளையாடுவது, வெயிலில் ஓடுவது கூடாது.

படி 7: குட்டி போடும் இடம்

எட்டாவது வாரம் தொடங்கும்போதே இடம் தயாராகி, தாய் அங்கே தூங்கிப் பழகியிருக்க வேண்டும். கடைசி நாளில் பெட்டியைக் காட்டினால் அது கட்டிலுக்கு அடியில்தான் போய்க் குட்டி போடும்.

தாய் கால் நீட்டிப் படுக்கும் நீள அகலம், குட்டிகள் வெளியே உருளாத உயரம், தாய் மடி உரசாமல் தாண்டி வரும் வாசல். உட்சுவரைச் சுற்றிலும் தரையிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கம்பியோ சட்டமோ வையுங்கள். தாய் சுவரோடு சாயும்போது குட்டி நசுங்காமல் அந்த இடைவெளி காப்பாற்றும். பெரிய நாய்களுக்கு இது இல்லாமல் இருக்கவே கூடாது.

பிறந்த குட்டிக்கு நடுங்கி உடம்பைச் சூடாக்கத் தெரியாது. முதல் வாரத்தில் அது படுக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் தாய் தவித்துப்போகும். பெட்டியின் ஒரு மூலையை மட்டும் சூடாக்கி, மற்ற பகுதியைச் சாதாரணமாக விடுங்கள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர். ஆளுக்கொரு திசையில் விலகி வாய் பிளந்து கிடந்தால் வெப்பம்.

படி 8: கடைசி வாரம், வெப்பமானி கையில்

57ஆம் நாளிலிருந்து காலை, மாலை இரு வேளையும் ஆசனவாயில் வெப்பநிலை பார்த்து எழுதுங்கள். சாதாரணமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். புரோஜெஸ்டிரோன் விழும்போது வெப்பநிலையும் ஒரு டிகிரி போல இறங்கி 37.2க்குக் கீழே, அதாவது 99 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும். பெரும்பாலும் அதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கும். இந்த இறக்கம் சில மணி நேரமே நீடிக்கும் என்பதால்தான் இரு வேளைப் பதிவு.

மருத்துவரின் எண், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண், போக வாகனம் மூன்றையும் இந்த வாரமே உறுதி செய்யுங்கள். புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களில் பெரும்பாலான பிரசவம் அறுவை சிகிச்சையில்தான் முடிகிறது. அவற்றுக்கு முன்கூட்டியே நாள் பேசி வைக்க வேண்டும்.

படி 9: பிரசவம்

முதல் கட்டம் 6 முதல் 12 மணி நேரம், சிலவற்றுக்கு 24 மணி நேரம்கூட நீளும். மூச்சு வாங்கும், நடுங்கும், படுக்கையைப் பிறாண்டும், சாப்பாட்டை மறுக்கும். வெளியே எதுவும் தெரியாது. அமைதியாகப் பக்கத்தில் இருங்கள். கூட்டம் கூட வேண்டாம். பயந்த தாய் வலியை நிறுத்திக்கொள்ளும்.

இரண்டாம் கட்டத்தில் முக்கத் தொடங்கும். குட்டிகளுக்கு நடுவே பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பின்கால் முதலில் வருவது நாய்களில் மிகச் சாதாரணம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குட்டியை மூடியிருக்கும் பையைத் தாய் கிழிக்காவிட்டால் உடனே நீங்கள் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, உலர்ந்த துணியால் முதுகை அழுத்தித் தேயுங்கள். குட்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றாதீர்கள். மூளையில் ரத்தம் கசியும். தொப்புள்கொடியைத் தாய் கடிக்காவிட்டால், வயிற்றிலிருந்து 2 சென்டிமீட்டர் விட்டு நூலால் கட்டி, சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். ஒரு குட்டிக்கு ஒரு நஞ்சுக்கொடி என்று எண்ணிக் கொள்ளுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்:

- பலமாக முக்கியும் 20 முதல் 30 நிமிடத்தில் குட்டி வரவில்லை.
- உள்ளே இன்னும் குட்டி இருந்தும், முந்திய குட்டி பிறந்து இரண்டு மணி நேரம் கடந்துவிட்டது.
- முதல் குட்டி வருமுன்பே கரும்பச்சை நீர் வடிகிறது. நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள்.
- வெப்பநிலை இறங்கி 24 மணி நேரமாகியும் வலி இல்லை.
- குட்டி பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டது.
- சிவந்த ரத்தம் நிற்காமல் போகிறது, அல்லது தாய் துவண்டு விழுகிறது.

வலி ஊசியான ஆக்ஸிடோசினை யாரும் வீட்டில் போட விடாதீர்கள். குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது அதைப் போட்டால் கருப்பையே கிழியும்.

படி 10: முதல் இரண்டு நாள்

சீம்பால் முதல் சில மணி நேரத்திலேயே குட்டியின் வயிற்றுக்குள் போக வேண்டும். அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சும் திறன் 24 மணி நேரத்தில் மூடிவிடும். பலவீனமான குட்டியைப் பால் அதிகமுள்ள பின் காம்பில் பிடித்து விடுங்கள். குளிர்ந்த குட்டிக்கு நேராகப் பால் புகட்டாதீர்கள். உடம்பு சூடான பிறகே அதற்குச் செரிக்கும்.

ஒவ்வொரு குட்டியையும் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். 7 முதல் 10 நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். முதல் நாளுக்குப் பிறகும் எடை ஏறாத குட்டி, அழாவிட்டாலும் ஆபத்தில் இருக்கிறது. தாய்ப்பால் போதாவிட்டால் நாய்க்குட்டிகளுக்கான பால்மாவு கொடுங்கள். மாட்டுப்பாலில் அவற்றுக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் இல்லை.

படி 11: பாலூட்டும் தாய்க்கு அள்ளிக் கொடுங்கள்

முதல் மாதத்தில் கட்டி வைத்த தாராளத்தை இங்கே அவிழ்த்து விடலாம். ஒரு குட்டிக்கு வழக்கமான உணவில் கால் பங்கு கூடுதல் என்பது தோராயக் கணக்கு. நான்கு குட்டி என்றால் இரு மடங்கு; எட்டு என்றால் மூன்று மடங்கு. பால் உச்சத்துக்குப் போவது மூன்றாவது, நான்காவது வாரத்தில். அப்போது குட்டி உணவைத் தட்டில் எப்போதும் இருக்கும்படி விட்டுவிடலாம். சில தாய்கள் குட்டிகளை விட்டு எழவே மாட்டா. தட்டும் தண்ணீரும் பெட்டிக்குப் பக்கத்தில் போகட்டும்.

தினமும் மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் சூடாக, கல்லாக, வலியோடு இருந்தால் மடிநோய். பிரசவத்துக்குப் பின் மூன்று வாரம் வரை வாடையில்லாத பழுப்புச் சிவப்புக் கசிவு இயல்பு. துர்நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால் கருப்பையில் தொற்று.

சிறிய இனம், நிறைய குட்டி என்றால் இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை பால் காய்ச்சலுக்குக் கண் வையுங்கள். அமைதியின்மை, மூச்சிரைப்பு, விறைத்த நடை, முகம் துடித்தல், பிறகு உடல் நடுக்கம், வலிப்பு. தொடங்கிச் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். குட்டிகளை உடனே பிரித்து, தாயை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கால்சியத்தை இதயத்துடிப்பைக் கவனித்தபடி மெதுவாக நரம்பில் ஏற்ற வேண்டும். அது வீட்டில் ஆகாது.

படி 12: பால் மறக்கடித்தல்

மூன்றரை, நான்கு வாரத்தில் குட்டி உணவை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் கூழாகக் குட்டிகளுக்கு வையுங்கள். அவை சாப்பிடச் சாப்பிடத் தாயின் அளவைக் குறைத்து வாருங்கள். முழுதாகப் பிரிக்கும் நாளில் தாய்க்கு உணவு மிகக் கொஞ்சமாக இருக்கட்டும், தண்ணீர் வழக்கம்போல். அடுத்த நான்கைந்து நாளில் பழைய அளவுக்கு ஏற்றிவிடலாம். பால் வற்றும் நாட்களில் மடியைப் பிதுக்கிப் பார்க்காதீர்கள். பிதுக்கினால் மேலும் சுரக்கும்.

இன்னொரு ஈற்று வேண்டாம் என்றால், மடி முழுதாக வற்றிய பிறகு கருத்தடை அறுவைக்கு நாள் கேளுங்கள். வீட்டில் ஆண் நாய் இருந்தால் அதுவரை இரண்டையும் தனித்தனியே வையுங்கள். பிறந்த ஆண் குட்டிகள் இன்னும் வீட்டிலேயே இருந்தால், ஆறாவது மாதத்துக்குள் அவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.